இரண்டு ரைட்டு

இதில் வரும் டிரைவிங் டெஸ்ட்டை நான் கண்ணால் பார்க்கவில்லை. அனுசுயா சொல்லிக் கேட்டதுதான். கல்லூரி விடுதியில் நாலு வருஷம் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவள். இதை இரண்டு தடவை சொன்னாள். முதல் தடவை போனில், சிரிப்புக்கு நடுவே. இரண்டாம் தடவை நேரில், கொஞ்சம் நிதானமாக. இரண்டுக்கும் சின்ன வித்தியாசங்கள் இருந்தன. முதலில் வேப்பமரம் என்றாள், அப்புறம் புங்கமரம் என்றாள். இரண்டாவது யோசித்துச் சொன்னதாகத் தெரிந்ததால் புங்கமரம் என்றே எழுதுகிறேன். அவள் மனசுக்குள் ஓடியதாக இங்கே இருப்பதில் முக்கால் பங்கு அவளே சொன்னது. மீதிக் கால் பங்கு, அவளை எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் எழுதியது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்றாள். போடவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பத்தரைக்குப் பதினான்காம் நம்பரைக் கூப்பிட்டார்கள். அனுசுயாவின் நம்பர் இருபத்திரண்டு. புங்கமரத்தடியில் நின்றுகொண்டு அவள் கணக்குப் போட்டாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், முன்னால் எட்டுப் பேர், நாற்பது நிமிஷம், அப்படியானால் பதினொன்று பத்து. மறுபடி போட்டாள். பதினொன்று பத்துதான். கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டாள். அது சரியாகவே வந்துகொண்டிருந்தது. பதினொன்று பத்துக்குத்தான் ஏழாம் நம்பர் டவுன் பஸ் இந்த ரோட்டில் போகும். ஏழாம் நம்பரின் கண்டக்டர் அவளுடைய அப்பா கந்தவேல். யாராவது ஒருத்தர் கியரைச் சரியாகப் போடாமல் ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கொண்டால் போதும், பஸ் போய்விடும், அதற்குப் பிறகு நம்மைக் கூப்பிடுவார்கள், அடுத்தவர் தடுமாற வேண்டும் என்று நினைக்கிறோமே, இது பாவமில்லையா, சரி, தடுமாற வேண்டாம், சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள நேரம் ஆகட்டும், அதில் பாவம் ஒன்றும் இல்லை. பையைத் திறந்து பழகுநர் உரிமத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து ஏழாவது தடவை. நாளையோடு அது காலாவதி. அவள் பார்க்கப் பார்க்கத் தேதி மாறிவிடப் போவதில்லை, ஆனாலும் பார்த்தாள். அதற்கு அடியில் விதைக் கம்பெனியின் நியமனக் கடிதம், நாலாக மடித்தது. களப்பணி அலுவலர். ஒன்றாம் தேதி சேர வேண்டும், கார் அவர்களே கொடுப்பார்கள், 'செல்லுபடியாகும் நான்கு சக்கர வாகன ஓட்டுநர் உரிமத்தின் அசல்' கொண்டுவர வேண்டும். இன்று இருபத்தேழு. இன்று தோற்றால் மறுபடி பழகுநர் உரிமம், மறுபடி முப்பது நாள், அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அந்த வேறு யாராவதின் முகம்கூடத் தெரிந்தது. கண்ணாடி போட்டவள், கார் ஓட்டிக்கொண்டே பிறந்தவள், வீட்டில் அப்பாவுக்கும் கார், தாத்தாவுக்கும் கார். அவள் மேல் அனுசுயாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. புங்கம்பூ ஒன்று கடிதத்தின் மேல் விழுந்தது. ஊதித் தள்ளினாள்.

காலில் என்ன போட்டுக்கொண்டு ஓட்டுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. செருப்பு என்றால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெரியாது, வெறுங்கால் என்றால் இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பாரோ. போர்டில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, எல்லோருக்கும் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். ஏன் பிரேக்? ஏன் யாரையும் ஆக்ஸிலேட்டர் இன்ஸ்பெக்டர் என்று சொல்வதில்லை? ஒரு மனுஷனின் பேரிலேயே பிரேக் இருந்தால் அவர் எப்படி யாரையும் போக விடுவார்? போன தடவை வந்தவர் வேறு ஒருவர், மெலிந்தவர், வெற்றிலை போட்டவர். மூன்று வாரம் முன்னால் அதே காரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கேட்டைத் தாண்டினாள், இரண்டாவது கியர் விழுந்தது, நாலு ரோடு வந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி "ரைட்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அனுசுயாவுக்குள் அப்படி ஒரு நிம்மதி. ரைட். கிளம்பலாம், எல்லாரும் ஏறியாச்சு, படியில் யாரும் இல்லை, போ. பிறந்ததிலிருந்து அவளுக்கு ரைட் என்றால் அதுதான். நாலு வயதில் பஸ்ஸுக்கே பேர் ரைட் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது கிளம்புகிறது என்று. அதனால் போனாள். நேராக. தைரியமாக, மூன்றாவது கியரில், முதுகை நிமிர்த்தி. கல்யாண மண்டபம் தாண்டியதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏம்மா, எங்கம்மா போற?" என்றார். "நீங்கதான் சார் ரைட்டுன்னீங்க." "ரைட்டுன்னா ரைட்டுல திரும்பணும்மா!" அப்புறம் அந்தத் தாளில் எழுதினார்: கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. தோற்றதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. கீழ்ப்படியவில்லை என்பதுதான் வலித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அவள் கீழ்ப்படியாத ஒரே ஒரு நாளை யாராவது காட்டட்டும்.

அதற்குப் பிறகு மூன்று வாரமும் அந்த ஒரு வார்த்தையோடு போராட்டம். டிரைவிங் ஸ்கூல் ராஜாமணி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனம்மிணி, இருவது வருசமாச் சொல்லிக் குடுக்கறேன். லெப்ட்டு ரைட்டு தெரியாதவங்களப் பாத்திருக்கறேன், அவங்களுக்கெல்லாம் சோத்தாங்கை பீச்சாங்கைன்னு சொன்னா முடிஞ்சுது. ரைட்டு மட்டும் தெரியாத ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நூறு தடவை ரைட் என்பார், நூறு தடவையும் அவள் சோத்தாங்கைப் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினாள். பத்தாவது நாள் அவர் பக்கத்து சீட்டில் இருந்து போனில் யாரிடமோ பேசிவிட்டு, "ரைட்டுங்க, அப்பறம் கூப்படறேன்" என்றார். கார் ஒரு வீட்டு வாசலுக்குள் நுழைந்து கோலத்தின் மேல் நின்றது. அந்த வீட்டு அம்மா கையில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு, "யாரு வேணும்?" என்று கேட்டாள். ராஜாமணி அண்ணன் இறங்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, "இப்ப நல்லாப் புடிச்சுட்ட அம்மிணி, கொஞ்சம் அதிகமாப் புடிச்சுட்ட" என்றார். இதில்தான் அவளுக்குப் பயம். முன்பெல்லாம் ஒரு ரைட் இருந்தது, போற ரைட். இப்போது தலைக்குள் இரண்டு ரைட் உட்கார்ந்திருக்கின்றன, போற ரைட், திரும்பற ரைட், யாராவது கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாக எழுந்து நிற்கின்றன. வீட்டில் அப்பா அந்த வார்த்தையையே விட்டுவிட்டார். இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருப்பவர், சாப்பாடு போதுமா என்றால் ரைட், கதவைச் சாத்தட்டுமா என்றால் ரைட், எல்லாவற்றுக்கும் ரைட் சொல்பவர், மூன்று வாரமாக 'ரை' என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்து "சரி" என்றார். "உங்கப்பன் வாயில சரிங்கறது எப்பிடி இருக்குது பாரு, பல்லுல கல்லு பட்ட மாதிரி" என்று அம்மா சிரித்தாள்.

"இருபது!" என்று அலுவலகச் சிப்பந்தி கத்தினார். பத்து ஐம்பத்தெட்டு. பக்கத்தில் நின்றிருந்த சலீம் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிரியாணிக் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது, நம்பர் இருபத்தொன்று. "நீங்க எத்தனாவது தடவைங்க பாய்?" என்று கேட்டாள். "நாலாவதும்மா. பிரேக் சாரு மாறிக்கிட்டே இருக்காரு, நான் மாற மாட்டேங்கறேன்" என்றார். "பயமா இல்லீங்களா?" "நூறு கிலோ அரிசி தம் போட்டு மூடிட்டு, வெந்துச்சா வேகலையான்னு தெரியாம முக்கா மணி நேரம் நிக்கற ஆளும்மா நானு. இதுல என்ன, அஞ்சு நிமிசத்துல தொறந்து காட்டிருவாரு." அனுசுயா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பாய் ஐந்து நிமிஷம் என்றால் பதினொன்று எட்டு. அப்புறம் நாம் ஏறி உட்கார்ந்து, மைதானத்தில் சுண்ணாம்பில் போட்டிருக்கும் ஹெச்சுக்குள் ரிவர்ஸ் எடுத்து, அதற்கு இரண்டு மூன்று நிமிஷம், ரோட்டுக்கு வரும்போது பதினொன்று பத்து, பதினொன்று பதினொன்று. தப்பிக்க வழியே இல்லை. நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாதோ. "அப்பா, நாளைக்கு அந்தப் பக்கம் வரும்போது கத்தாதீங்க, கையெல்லாம் காட்டாதீங்க. எனக்குக் கையி ஒதறும்." அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அட, நானெதுக்கு அம்மிணி கத்தறேன். பஸ்ஸு அதும்பாட்டுக்குப் போகும்" என்றார். காலையில் வழக்கம்போலக் காக்கிச்சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டி, விசிலைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடும்போது அவளைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார், "சரி, வாறேன்" என்று போய்விட்டார்.

அந்தச் 'சரி'யைத்தான் இப்போது புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன சரியா, இல்லை, சரி என்றால் வெறும் சரிதானா. ஏனென்றால் இதற்கு முன்னால் ஒரு தடவை இருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம் சொன்னதே இரண்டாவது தடவை பேசும்போதுதான், எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை, நான் அங்கே இருந்தேன் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி, வாடகைக்கு எடுத்தது, கழுத்தில் அரித்தது. பேரைக் கூப்பிட்டார்கள், அனுசுயா கந்தவேல், படியில் கால் வைத்தாள், அரங்கமே அமைதியாக இருந்தது, அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு "ரைட்ட்ட்!" ரை என்பது நீளமாகப் போய், ட் என்பது சுள்ளி ஒடிந்த மாதிரி. அரங்கம் சிரித்தது. துணைவேந்தர்கூடச் சிரித்தார். அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள், காது கொதித்தது, அரை நிமிஷம், சரியாக அரை நிமிஷம், அது தன் அப்பா இல்லை என்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்பாவுக்கு அது தெரியுமா? தெரியாது. கூட்டத்தில் எப்படித் தெரியும். ஆனால் கூட்டத்தைப் பார்ப்பதுதானே அவர் வேலை, எண்பது பேரில் யார் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்பவராயிற்றே. அந்த அரை நிமிஷத்துக்காக இரண்டு வருஷமாக அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது திரும்ப, கத்தாதீங்க என்று சொல்லியாயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கத்தினால் என்ன, கத்தட்டுமே. இல்லை, கத்த வேண்டாம், கத்தினால் நிச்சயம் என் கை தானாகத் திரும்பும், எதிரில் லாரி வரும், அப்பாவின் கண் முன்னாலேயே, ஐயோ, நினைக்காதே, கிளட்ச், கியர், கண்ணாடி, கண்ணாடி, கியர், கிளட்ச்.

சலீம் பாய் திரும்பி வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "வெந்துச்சுங்களா பாய்?" என்றாள். "பாதி வெந்துருக்குன்னு நெனைக்கறேன், எழுதிக்கிட்டே இருக்காரு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் "இருபத்திரண்டு!" மணி பதினொன்று ஆறு. இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே முன் சீட்டில், அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். புதியவர், பருமனானவர், மடியில் அட்டை, அட்டையில் தாள். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. அவருடைய கறுப்பு ஷூ அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ராஜாமணி அண்ணன் வெளியில் மைதானத்து ஓரமாக நின்று, வாயை மட்டும் அசைத்து, கண்ணாடி, கண்ணாடி என்றார். அனுசுயா செருப்பைக் கழற்றி சீட்டுக்குக் கீழே தள்ளினாள். "வெறுங்கால்ல ஓட்டட்டுங்களா சார்?" "உங்க காலு, உங்க இஷ்டம்" என்றார். நல்லவர் என்று தோன்றியது, உடனே அப்படி நினைப்பது ஆபத்து என்றும் தோன்றியது. போன தடவை வெற்றிலைக்காரரைக்கூட நல்லவர் என்றுதான் நினைத்தாள். ஸ்டீரிங்கில் போட்டிருந்த ரோம உறை வெயிலில் சூடாகி, உயிருள்ள ஏதோ ஒரு பிராணியின் கழுத்தைப் பிடித்த மாதிரி இருந்தது. அதைத் தடவிக் கொடுத்தாள். கோபித்துக்கொள்ளாதே, நல்ல பிள்ளையாகப் போ. ரிவர்ஸில் அவளுக்குப் பயமே கிடையாது. பின்னால் போவது மட்டும் எப்படியோ ரத்தத்தில் இருந்தது, சின்ன வயதில் ஷெட்டில் அப்பா பஸ்ஸின் பின்பக்கம் நின்று தகரத்தைத் தட்டி, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும், லேசா ஒடி, வரட்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டு, அந்த வரட்டும்கள் இப்போது அவள் பிடரியில் ஒவ்வொன்றாகத் தட்டின, கார் சுண்ணாம்புக் கோட்டைத் தொடாமல் பின்னால் போய், ஒடிந்து, நின்று, மறுபடி வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு "உம்" என்று ஒரு டிக் போட்டார். அந்த டிக் போட்ட பேனாவின் சத்தம் அவளுக்கு இனித்தது. "ரோட்டுக்குப் போலாம்" என்றார். ரைட் என்று சொல்லவில்லை. போலாம் என்று தமிழில் சொன்னார். இதே மாதிரி கடைசி வரைக்கும் தமிழிலேயே பேசிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், வலது, இடது, நேராக, மொழிப்பற்று உள்ளவர்போல இருக்கிறார், இருக்கட்டும் கடவுளே.

கேட்டைத் தாண்டினாள். பதினொன்று பத்து. கண்ணாடியைப் பார்த்தாள், பின்னால் ரோடு காலி. இரண்டாவது கியர் வெண்ணெய் போல விழுந்தது, யாரும் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது, இன்ஸ்பெக்டர் பார்த்தாரா, அவர் இளநீர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் ஒன்று, விட்டாள். ஆடு ஒன்று, நின்று யோசித்தது, அவளும் மெதுவாக்கி யோசித்தாள், ஆடு போயிற்று. நாலு ரோடு வந்துகொண்டிருந்தது. கண்ணாடி. பின்னால், தூரத்தில், சிவப்பாக ஒரு நெற்றி, நெற்றியில் வெள்ளையாக ஏழு. வந்தாச்சு. உள்ளங்கால் முழுக்க வேர்த்து கிளட்ச் வழுக்கியது. பஸ் நெருங்கி நெருங்கிக் கண்ணாடி நிறைய வந்தது, டிரைவர் பொன்னுச்சாமியின் மீசைகூடத் தெரிந்தது. நாலு ரோட்டு ஸ்டாப் அவளுக்குச் சரியாகப் பின்னால்தான், பஸ் அங்கே ஓரம் கட்டியது. சிக்னல் இல்லாத சந்திப்பு, குறுக்கே ஒரு கரும்பு டிராக்டர் போனது, அவள் நின்றாள், பிரேக் பிடித்து அழகாக நின்றாள், கிளட்ச்சை மட்டும் மறந்துவிட்டாள். கார் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. திடீரென்று எல்லாம் அமைதி. கறுப்பு ஷூ அரைச் சாண் நகர்ந்ததா? சாவியைத் திருப்பினாள், வண்டி கியரில் இருந்தது, மறுபடி விக்கல். நியூட்ரல், நியூட்ரலுக்குக் கொண்டுவா, கண்ணாடி போட்டவள் இப்படி அணைக்க மாட்டாள், முப்பது நாள், நாற்காலி போச்சு, பின்னால் யாரோ ஹாரன். அந்த அமைதிக்குள் அவள் மனசு வெட்கம் இல்லாமல் ஒன்றை வேண்டிக்கொண்டது. அப்பா, கத்துங்க. நேத்துச் சொன்னதெல்லாம் மறந்துடுங்க. இப்ப ஒரே ஒரு தடவை. என்ஜின் பிடித்தது. பின்னால் விசில் கேட்டது. அப்புறம் கேட்டது: "ரைட்ட்ட்!" ரை நீளமாக, ட் சுள்ளி ஒடிந்த மாதிரி. அதே நொடியில், பக்கத்திலிருந்து, அட்டையைப் பார்த்தபடியே, இன்ஸ்பெக்டரும் சொன்னார்: "ரைட்."

கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு ரைட்டும் எழுந்து நின்றுவிட்டன. கை சோத்தாங்கைப் பக்கம் இழுத்தது, கால் நேராகப் போ என்றது. வண்டியை மறுபடி எடுத்தாயிற்று, அதற்காகச் சொன்ன ரைட்டா, சரி சரி கிளம்பு என்று? இல்லை, சந்திப்பில் சொன்ன ரைட்டா, திரும்பு என்று? இரண்டுமே நியாயம். ஐம்பதுக்கு ஐம்பது. தெரியாவிட்டால் கேட்கலாம். ஆனால் கேட்பது என்பது அனுசுயாவின் வழக்கத்தில் இல்லை. நாலு வருஷம் கல்லூரியில் ஒரு சந்தேகம்கூட அவள் எழுந்து நின்று கேட்டதில்லை, எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து இரவில் என்னிடம் கேட்பாள், எனக்கும் தெரியாது, இரண்டு பேரும் நூலகத்தில் தேடுவோம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று ஒரு முகம் திரும்பும், நம் வீட்டில் இதற்கு முன்னால் யாரும் படிக்கவில்லை என்பது அந்த ஒரு கேள்வியில் வெளியே தெரிந்துவிடும். அதனால் தலையாட்டிவிட்டு வருவது. தலையாட்டித்தான் போன தடவை கல்யாண மண்டபம் வரைக்கும் போனது. பஸ் பின்னாலிருந்து ஒதுங்கி, அவளைத் தாண்டி, நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும். பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, பரீட்சை ஹாலில் கூடுதல் தாள் கேட்பது போலக் கையை லேசாக உயர்த்திக் கேட்டாள்: "சார், மன்னிச்சுக்கோங்க. இது போற ரைட்டுங்களா, திரும்பற ரைட்டுங்களா?"

அவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். தாண்டிப் போகும் ஏழாம் நம்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உயர்ந்திருந்த கையைப் பார்த்தார். பிறகு வயிறு முதலில் குலுங்கியது, சிரிப்பு அப்புறமாகத்தான் வெளியே வந்தது. "பதினெட்டு வருஷமா இந்த சீட்ல உக்காந்திருக்கேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா. அதான் பாதிப்பேர் நேராப் போறானுகளா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரும்பற ரைட்டு. பாத்துத் திரும்பு" என்றார். கண்ணாடி. இண்டிகேட்டர். இண்டிகேட்டர் போதாது என்று வலக்கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், நேராக, விறைப்பாக, காற்று உள்ளங்கையில் பட்டுச் சில்லென்று இருந்தது. எதிரில் ஒருவரும் இல்லை. திரும்பினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சந்துக்குள், கேட்டுக்குள், புங்கமரத்தடிக்கு. நிறுத்தியபோது இந்தத் தடவை கிளட்ச்சை மிதித்தாள். இன்ஸ்பெக்டர் தாளில் என்னவோ எழுதினார், கையெழுத்துப் போட்டார், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, அவளைத் திரும்பிப் பார்த்து, "ரைட்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அனுசுயா ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இனி எங்கே போவது, எங்கே திரும்புவது? ராஜாமணி அண்ணன் ஓடி வந்து ஜன்னலில் குனிந்தார். "என்ன சொன்னாரு?" "ரைட்டுன்னாருங்கண்ணா." "அப்பறமென்ன?" "எந்த ரைட்டுன்னு தெரியலீங்களே." ராஜாமணி அண்ணன் சீட்டில் விட்டுப்போயிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "இது பாஸான ரைட்டு அம்மிணி. எறங்கு, அடுத்த ஆளு நிக்கறாங்க" என்றார். சலீம் பாய் தூரத்திலிருந்தே கட்டைவிரலைக் காட்டினார். அவரும் வெந்துவிட்டார்.

சாயங்காலம் அப்பா வந்து பையை ஆணியில் மாட்டும்போது அனுசுயா சொன்னாள், "ஏனுங்கப்பா, கத்தாதீங்கன்னு சொன்னா அப்படியா கத்துவீங்க? நாலு ரோடே திரும்பிப் பாத்துச்சு." சொல்லிவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா முதலில் விழித்தார், அப்புறம் சிரித்தார், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "பாஸா?" என்றார். "பாஸ்." "ரைட்" என்றார், மூன்று வாரத்தில் முதல் தடவையாக. அம்மா, "அப்பாடா, உங்கப்பன் திரும்ப வந்துட்டாரு" என்றாள். ஆயிரம் பேருக்கு நடுவில் கேட்டாலும் அந்தக் குரல் தனக்குத் தெரியும் என்று அனுசுயா என்னிடம் இரண்டு தடவையும் சொன்னாள்.

இதை எழுத ஆரம்பித்தபோது ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்க்கலாம் என்று நினைத்தேன். ஒரு நடைக்கு ஒரு கண்டக்டர் எத்தனை தடவை ரைட் சொல்வார் என்று எண்ணுவதற்காக, போன மாதம் அவள் ஊருக்குப் போய் ஏழாம் நம்பரில் ஏறினேன். என்னை யாரென்று கந்தவேலிடம் சொல்லவில்லை. நாற்பத்திமூன்று தடவை சொன்னார். அதில் பஸ் வலது பக்கம் திரும்பியது இரண்டே இரண்டு தடவைதான். கடைசி ஸ்டாப்பில் அவர் டீ குடிக்கப் போனபோது, டிரைவர் பொன்னுச்சாமியிடம் அந்த இருபத்தேழாம் தேதியைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்குக் கந்தவேலு வரலீங்களே" என்றார். அன்று வந்தது வேறொருவர், கந்தவேலிடம் தொழில் பழகியவர், குரல்கூட அப்படியே வரும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காக்கிச்சட்டை போட்டு, பையோடு ஆறு மணிக்குக் கிளம்பினார் என்று அனுசுயா சொல்லியிருந்தாளே. ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். விடுப்பு எழுதும் நோட்டைக் காட்டினார்கள். இருபத்தேழாம் தேதி, கந்தவேல், ஒரு நாள் விடுப்பு. காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: மகள் வண்டி ஓட்டுகிறாள்.